கிடங்குத் தண்ணியும் விரால் மீனும்

மீனுக்குள்ள இருப்பதை நாம் முள் என்றுதான் சொல்கிறோம். "முள் பார்த்துச் சாப்பிடு"ன்னு பிள்ளைக்குச் சொல்லாத வீடு கிடையாது. ஆனால் அது முள் இல்லை, எலும்பு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நமக்கும் இருக்கிற அதே எலும்புதான். என் மகள் படித்த விலங்கியல் புத்தகத்தில் மீன்களைப் பெரும்பாலும் ரெண்டு கட்சியாகப் பிரித்திருந்தார்கள். ஒண்ணு எலும்பு மீன், இன்னொண்ணு குருத்தெலும்பு மீன்.

உங்க காது மடலையும் மூக்கு நுனியையும் தொட்டுப் பாருங்க. வளையும், ஆனால் கெட்டியாக இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. சுறாவுக்கும் திருக்கைக்கும் உடம்பு முழுக்க அந்தச் சரக்குதான். அதனால்தான் சுறாவை அவித்து உதிர்த்தால் புட்டாக உதிர்கிறது, முள் எடுக்கிற வேலை இல்லை. கண்மாய், ஆறு, கிணறு என்று நம்ம பக்கம் நல்ல தண்ணியில் கிடைப்பதெல்லாம் எலும்பு மீன். கடலிலும் பெரும்பாலானது அதுதான். உலகத்தில் 30,000 வகைக்கு மேல் இருக்கிறதாம்.

எங்களுக்கு சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊர். கண்மாய்ப் பாசனம், ஒரு போக நெல். இந்தக் கண்மாயில் ஒரு பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று சொல்லாமல் அது புரியாது.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கி, சிவப்பா இருக்கான்னு பார்ப்பீங்களே, அந்த மூடி எலும்பு மீனுக்குத்தான் உண்டு. சுறாவுக்கு மூடி கிடையாது, கழுத்தோரம் அஞ்சு கீறல் மாதிரி திறந்தே இருக்கும். இந்த மூடி சாதாரண விஷயம் இல்லை, அது ஒரு பம்பு. மீன் வாயைத் திறந்து தண்ணியை உள்ளே வாங்கும், வாயை மூடும், செவுள் மூடி திறந்து தண்ணி வெளியே போகும். போகிற வழியில் தண்ணியில் கரைந்திருக்கிற காற்றை செவுள் எடுத்துக்கொள்ளும். அதனால் எலும்பு மீன் ஒரே இடத்தில் நின்றபடி மூச்சு விடலாம். சுறாவில் சில சாதி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணி ஓடும்.

இன்னொண்ணு காற்றுப்பை. கெண்டையை வெட்டும்போது வயித்துக்குள்ள வெள்ளையா பலூன் மாதிரி வருமே, அதுதான். எங்க சின்ன வயசில் அதைக் காலால் மிதித்து "டப்"புன்னு உடைப்பதற்கு அடிதடியே நடக்கும். அந்தப் பை இருப்பதால் மீன் மெனக்கெடாமல் தண்ணிக்கு நடுவில் மிதந்து நிற்கிறது. கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்தப் பையிலிருந்து காதுக்கு ஒரு சின்ன எலும்புச் சங்கிலி போகிறது. தண்ணியில் வருகிற அதிர்வை பை வாங்கி, சங்கிலி வழியாகக் காதுக்குச் சொல்லிவிடும். கரையில் சத்தம் போட்டால் தூண்டில்காரர் முறைப்பது சும்மா இல்லை.

சரி, கண்மாய்க்கு வருவோம். கார்த்திகையில் நிறைகிற கண்மாய் சித்திரை, வைகாசியில் வறண்டு மடைக்கு முன்னால் ஒரு பள்ளமாகச் சுருங்கும். அதைக் கிடங்கு என்போம். அந்தத் தண்ணி சூடாகும், பாசி கட்டும். பாசி பகலில் காற்றைக் கொடுக்கும், ராத்திரியில் அதுவே இழுத்துக்கொள்ளும். அதனால் விடியக்காலைதான் மீனுக்குக் கெட்ட நேரம். அஞ்சு மணிக்குப் போய்ப் பார்த்தால் கட்லாவும் ரோகுவும் தண்ணி மட்டத்தில் வாயைப் பிளந்து திணறிக்கொண்டிருக்கும். முந்தின நாள் மேகமூட்டமாக இருந்துவிட்டால் விடியும்போது செத்து மிதக்கும்.

அதே தண்ணியில் விரால் ஜம்முன்னு கிடக்கும். அதுவும் எலும்பு மீன்தான், அதே செவுள், அதே மூடி. கூடுதலாகத் தலைக்குள் செவுளுக்கு மேலே ஒரு அறை வைத்திருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அந்த அறையில் வைத்து மூச்சு விடும். வேடிக்கை என்னவென்றால், மேலே வர விடாமல் வலையில் அமுக்கி வைத்தால் வளர்ந்த விரால் தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்! மீன் தண்ணியில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் பட்டணத்துப் பிள்ளைகள் சிரிக்கும். கிடங்கும் வற்றிவிட்டால் சேற்றுக்குள் புதைந்து, ஈரம் இருக்கிற வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

பனையேறிக் கெண்டை இன்னும் ஒரு படி மேலே. அதுக்கும் செவுளுக்கு மேலே காற்று வாங்குகிற உறுப்பு உண்டு. செவுள் மூடி ஓரத்தில் ரம்பம் மாதிரி முள் இருக்கும். மூடியை விரித்து அந்த முள்ளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்தி அடுத்த குட்டைக்கு நடந்தே போய்விடும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் 1791-ல் ஒரு பனைமரப் பொந்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதி, 1797-ல் அது லண்டனில் அச்சாகியிருக்கிறது. நிஜமாகவே பனை ஏறுமா என்றால் நான் பார்த்ததில்லை. காக்காயோ பருந்தோ தூக்கிப்போய்ப் போட்டிருக்கும். தரையில் போவதை மழை நாளில் வரப்பு மேலேயே பார்த்திருக்கிறேன்.

வறண்டு நிறைகிற கண்மாய்க்கென்றே செய்த உடம்பு இது. ஐப்பசி மழையில் புதுத்தண்ணி வந்ததும் கிடங்கில் தப்பித்தது பரவி முட்டை போடும். விரால் குஞ்சு கூட்டமாகச் செவசெவன்னு மிளகாய்த்தூள் கொட்டினது மாதிரி மேலே வந்து வந்து போகும். பெத்தது அடியில் காவல் நிற்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து, அடியில் நிற்பதைக் குத்திப் பிடிக்கிற ஆட்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

கட்லா, ரோகு, மிர்கால் கதை வேறு. வடக்கே பெரிய ஆத்து மீன் அவை. வெள்ளம் ஓடினால்தான் முட்டை போடும், தேங்கின தண்ணியில் போடாது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீன் தலைக்குள் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு அவற்றை முட்டையிட வைத்தார். அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஏழை வீட்டில் மீன் வேகிறதே அதனால்தான். ஆனால் அந்த மீனுக்கு வருஷா வருஷம் குஞ்சு வாங்கி விட்டாகணும். விராலுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை.

இப்போ பிரச்சினைக்கு வருகிறேன். மீன் பாசி ஏலம் எடுத்தவர், கிடங்கை மோட்டார் வைத்து இறைத்து, மிச்சத் தண்ணியில் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, இருக்கிற மீனைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் குஞ்சு விடுவேன் என்கிறார். அவர் கணக்கில் விரால், குரவை, கெளுத்தி எல்லாம் களை. நாம் வயலில் கோரை பிடுங்குகிற மாதிரி. விரால் கெண்டைக் குஞ்சைத் தின்னும் என்பது உண்மைதான். அவர் போட்ட பணமும் உண்மைதான்.

எத்தனையோ கோடையைத் தாண்டின விரால் இதையும் தாண்டாதா என்று எங்க ஊர் இளவட்டம் ஒருத்தன் கேட்டான். தாண்டாது தம்பி. இலுப்பைப் புண்ணாக்கு மூச்சுக் குழாயை அடைக்கிற சமாச்சாரம் இல்லை. அதில் இருக்கிற நுரைச்சத்து செவுள் வழியாக உள்ளே போய் ரத்தத்தின் சிவப்பணுவை உடைத்துவிடும். மேலே வந்து எவ்வளவு காற்றை விழுங்கினாலும் அதைச் சுமந்துபோக ரத்தம் வேணுமே. சேறும் காப்பாற்றாது, ஏனென்றால் மிச்சத் தண்ணி நிற்பதே சேற்றின் மேல்தான். ரெண்டு மூணு வாரத்தில் விஷம் முறிந்து புண்ணாக்கு எருவாகிவிடும், தண்ணி நல்லாகிவிடும். ஆனால் விதை போயிருக்கும். மேல் கண்மாயிலும் கீழ்க் கண்மாயிலும் ஏற்கெனவே இப்படிச் செய்தாச்சு. வெள்ளத்தில் இறங்கி வர அங்கேயும் விரால் இல்லை. சங்கிலித் தொடராக இருக்கிற மூணு கண்மாய்க்கும் சேர்த்து விதை இந்தக் கிடங்கில்தான் கிடக்கிறது.

போதாததுக்கு கோடையில் ஊர் ஆடு மாடு அத்தனையும் அங்கேதான் தண்ணி குடிக்குது.

நான் அவரிடம் கேட்டது ரெண்டுதான். கிடங்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வலை போட்டு எடுத்துக்கோங்க. குஞ்சு விடும்போது பொடிக் குஞ்சாக விடாமல் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததாக விடுங்க. விராலால் தன் வாய்க்குள் போகிறதைத்தானே விழுங்க முடியும்? விலை கூடத்தான் வரும், அந்தக் கூடுதலில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவில் தரலாம் என்று எங்க தெரு ஆட்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலத்தெரு இன்னும் வாய் திறக்கவில்லை. "வரப்போறதோ வராமப் போறதோ தெரியாத மீனுக்கு நாங்க ஏன் காசு குடுக்கணும்"னு ஒரு பெரியப்பா நேராகவே கேட்டுவிட்டார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கு. விரால் அவர் பேரனுக்குத்தான் கிடைக்கும், காசு அவர் கையிலிருந்து போகும்.

ஏலம் எடுத்தவர் "பார்ப்போம்ணே" என்று சொல்லியிருக்கிறார். ஊர்க் கூட்டம் வர்ற ஞாயிற்றுக்கிழமை. கிடங்கில் இப்போ இடுப்பளவு தண்ணி இருக்கு. அதுக்குள்ள மோட்டார் இறங்காமல் இருக்கணும்.