வரலாம்... வரலாம்... போதும்!

'எனக்கு மெட்ராஸில் எங்கே வேண்டுமானாலும் கார் ஓட்டத் தெரியும்' என்று யாராவது மார்தட்டினால், அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். ஷெட்டில் ஒரே ஒரு தடவை காரை நிறுத்திக் காட்டட்டும். தட்டிய மார்பு தானாக ஒடுங்கிவிடும். ஒடுங்கினால்தான் காரை விட்டு இறங்கவே முடியும் என்பது வேறு விஷயம்!

மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து கிளை பிரிந்து, கிளையிலிருந்து காம்பு பிரிந்த மாதிரி ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒருவர் பெருந்தன்மை காட்டியே தீர வேண்டும். பங்குனியில் அறுபத்துமூவர் அன்றைக்கு, கார் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும். அந்தச் சந்தில் தாத்தா கட்டிய வீடு. வாசலில் நீளமாக ஒரு திண்ணை. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் பத்து பேர் தாராளமாகப் படுக்கலாம்.

1978-ல் அப்பா ஒரு செகண்ட்ஹாண்ட் ஃபியட் வாங்கினார். புதுக் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. காரை வைக்க இடம்? திண்ணையில் பாதியையும் அதன் பின்னாலிருந்த அறையையும் இடித்து, ஏழடி அகலத்தில் ஒரு ஷெட் போட்டார்.

அன்றைக்கு அது அரண்மனை ஸார்! ஃபியட்டின் அகலம் 1,460 மில்லிமீட்டர். ஐந்தடிக்கும் குறைவு. ஷெட்டில் நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜம்மென்று இறங்குவார் அப்பா. அப்புறம் வந்த மாருதி 800 இன்னும் ஒல்லி, 1,440. அதன் பக்கத்தில் என் சைக்கிளையும் சாய்த்து வைப்பேன்.

பிறகு இந்தக் கார்களுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வருஷா வருஷம் தீபாவளி பட்சணத்தை ஒரு கை பார்த்த மாதிரி ஊத ஆரம்பித்தன. இன்றைக்கு ஸ்விஃப்ட் 1,735. கிரெட்டா 1,790. ஃபியட்டைவிட ஒரு அடிக்கு மேல் பருமன்! இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

பருமனுக்கு நியாயம் இருக்கிறது. பக்கவாட்டில் யாராவது மோதினால் தாங்குவதற்குக் கதவுக்குள் இரும்பு, ஏர்பேக், பின் ஸீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார இடம். எல்லாம் நம் நல்லதுக்குத்தான். ஆனால், மயிலாப்பூர் சுவர்களுக்கு யாரும் முன்கூட்டித் தகவல் சொல்லவில்லையே! 2019-ல் வந்த தமிழ்நாடு கட்டட விதிகள் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் விடச் சொல்கின்றன. எங்கள் ஷெட் 2.13 மீட்டர். விதி பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே பிறந்துவிட்ட ஷெட்!

'தெருவில் விட வேண்டியதுதானே' என்பீர்கள். எங்கள் சந்தில் ஒரு கார் நின்றால் அப்புறம் தண்ணீர் லாரி வராது. தவிர, மழை என்று ஒன்று இருக்கிறதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். அந்த பயத்தில் 2024 அக்டோபரில் 'கனமழை' என்று அறிவித்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். இந்த ஊரில் சொந்தமாக ஷெட் வைத்திருப்பவன் ஜமீன்தார்.

ஜமீன்தாருக்கு ஆசை வந்தது. ஆபீஸில் என் செக்‌ஷனில் மூன்று பேர் பெரிய வண்டி வாங்கிவிட்டார்கள். லிஃப்டில் அவர்கள் கையில் ஆடும் சாவிகூட என்னுடையதைவிடப் பெரிசாக இருக்கிறது. பாங்க்கில் விசாரித்தேன், லோன் தருவதாகச் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் அளவு பார்த்துவிடலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனின் கிரெட்டாவை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வண்டி சந்துக்குள் நுழைந்ததுமே ஆலோசகர் குழு கூடிவிட்டது. இஸ்திரி போடுகிறவர் "ரைட்ல ஒடிங்க" என்றார். பால்காரப் பையன் "லெஃப்ட், லெஃப்ட்" என்றான். எதிர் வீட்டு மாமா இரண்டு கையையும் ஆட்டினார். வா என்கிறாரா, போ என்கிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நான் மூக்கை முன்னால் விட்டு நுழையப் பார்த்தேன். திண்ணையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. வயசு எழுபத்தெட்டு, குரலுக்கு மட்டும் இன்னும் நாற்பது.

"முன்னாடி போகாதேடா! திரும்பறது முன் சக்கரம் மட்டும்தான். பின் சக்கரம் குறுக்கு வழியிலே வரும். மூக்கு தப்பிச்சுடும், பின் கதவு தூண்ல தேச்சுக்கும். ரிவர்ஸ்ல போ. வாலை முதல்ல ஒழுங்கா நுழைச்சுட்டா, மூக்கு தெருவுல ஆடிக்கலாம்."

மாருதியில் கற்றுக்கொடுத்த அதே பாடம். கண்ணாடிக் காதுகளை மடக்கினேன். வண்டியில் காமிரா இருக்கிறது, பீப் பீப் என்று அலறுகிறது. ஆனாலும் அப்பா விடவில்லை.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் திண்ணைப் பக்கம் ஒட்டு... வரலாம்... போதும்!"

சரியாக மூன்று அங்குலம் விட்டுத் திண்ணையை ஒட்டி நின்றது வண்டி. வெற்றி! ஆலோசகர்கள் கலைந்தார்கள். என் பக்கக் கதவைத் திறந்தேன். பத்து அங்குலத்தில் காம்பவுண்ட் சுவர். கதவின் கனம் போக மிச்சம் இருந்த சந்தில் என் தலையை விடலாம், ஒரு காலை விடலாம். நடுவே இருக்கும் தொப்பையை?

உள்ளே உட்கார்ந்துகொண்டு ஹி... ஹி... என்று சிரித்தேன். வேறென்ன செய்ய?

அம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காபி கலந்து எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா திண்ணையில் நகர்ந்து உட்கார்ந்து, இடதுபக்க ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டினார். உயரமான வண்டியாதலால் அவர் முகமும் ஜன்னலும் நேருக்கு நேர். அப்பாவும் நானும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன். கணக்கு வரவில்லை.

"மேஸ்திரியைக் கேட்டேம்ப்பா" என்று மெதுவாக ஆரம்பித்தேன். "இந்தத் திண்ணையையும் எடுத்துட்டு, பின் சுவரை ரெண்டடி தள்ளிட்டா லாரியே நிறுத்தலாம்ங்கறார்."

"இடிச்சுடு" என்றார் உடனே. "எனக்கென்ன, உள்ளே நாற்காலி இருக்கு."

நான் காபியைக் குடித்தேன். அவர் திண்ணையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"தாத்தா உட்கார்ற இடம் அந்தப் பாதியிலேதான். தூண்ல சாஞ்சுண்டு, வெத்தலைப் பெட்டியோட. நான் இடிக்கறேன்னப்போ அவரும் இப்படித்தான் உடனே சரின்னார். மீதிப் பாதிதான் இருக்கே, அங்கே உட்காருவார்னு நெனச்சேன். ஒருநாள்கூட உட்காரலேடா. கூடத்துக்குப் போயிட்டார். அப்புறம் தெருவுல யார் போறா, யார் வரான்னு கேக்கறதையே விட்டுட்டார்."

அவ்வளவுதான். பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பித் தெருவுக்கு ஓட்டி, அங்கேதான் இறங்கினேன்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு வந்தால், அப்பா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். திண்ணை காலி. "என்னப்பா இங்கே?" என்றேன். "சும்மா, பழகிக்கலாம்னு" என்றார்.

ஆபீஸுக்குப் போகும் வழியிலேயே மேஸ்திரிக்குப் போன் போட்டு, வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வாகன்ஆர் வந்தது. அகலம் 1,620. திண்ணையை ஒட்டி நிறுத்தினால் என் பக்கம் பதினேழு அங்குலம் கிடைக்கிறது. மூச்சைப் பிடித்தால் இறங்கிவிடலாம்; விட்டால் சட்டைப் பட்டன் போய்விடும். லிஃப்டில் என் சாவியை யாரும் கவனிப்பதில்லை. செக்‌ஷனில், "என்ன ஸார், கடைசியில டப்பா வாங்கிட்டீங்க?" என்றான் ஒருவன். "உள்ளே போற அளவு போதும்ப்பா" என்றேன்.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் சந்து முனையில் ஹாரன் அடித்ததும், திண்ணையில் பேப்பர் மடியும். அப்பா எழுந்து நின்று கையைத் தூக்குவார். புது வண்டியிலும் காமிரா இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.

"வரலாம்... வரலாம்... வரலாம்..."

போன வெள்ளிக்கிழமை 'போதும்' சொல்வதற்குள் தெருவில் யாரோ தெரிந்தவர் போக, அப்பா அவரைக் குசலம் விசாரிக்கப் போய்விட்டார். பின் பம்பரில் ஒரு கோடு.

அழிக்கவில்லை. இருக்கட்டும் ஸார்!