துவைத்துத்தான் கொடுத்தேன்

பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, திருமழிசையாழ்வாரோடும் அவர் சீடன் கணிகண்ணனோடும் ஓர் இரவு தங்கிய ஊர் எங்கள் ஓரிக்கை. "ஓரிரவு இருக்கை"தான் மருவி ஓரிக்கை ஆனது என்பார்கள்.

அங்கே உட்கார்ந்துதான் தங்கச்சியின் பேரக்குழந்தைக்கு ஒரு மெத்தை தைத்தேன். அம்மாவின் நூல் புடவைகளை நாலாக மடித்து, கையாலேயே நூலோட்டி. முடித்த பிறகு ஒரு வாரம் துவைக்க மனசே வரவில்லை. மடிப்புக்குள் அம்மா வாசனை இருந்தது. விபூதியும், பெட்டியில் போட்டுவைத்த வசம்பும் கலந்த வாசனை.

ஆனால் அடித்துணி புதுக் காடா. கஞ்சி போகாதது, முதல் தண்ணீரில் சுருங்கும். அரக்குக் கரையில் ஈர வெள்ளைத்துணியை அழுத்தினால் சாயம் ஒட்டியது. குழந்தை வாயில் வைத்துச் சப்பப்போகிற ஓரம் அது! பச்சைக்குழந்தைக்கு நம் வீடுகளில் பழந்துணி போடுவதே, பலமுறை துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும் என்பதால்தானே.

பச்சைத்தண்ணீரில் சாயம் நிற்கும்வரை அலசி, முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டேன். கொஞ்சம் சுருங்கியது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.

கையால் தைத்துக் கொடுப்பவர்களே, துவைத்துக் கொடுங்கள். பட்டுத்துண்டு வைத்துத் தைத்திருந்தால் மட்டும் தண்ணீரில் போடாதீர்கள்.