கண்ணாடி மணி தேடி...

மணி சேர்க்கும் என் ஆசைக்கு வீட்டில் பைத்தியம் என்றே பெயர். அந்தப் பைத்தியந்தான் என்னைத் திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் பட்டறைப்பெரும்புதூருக்கு இழுத்துச் சென்றது. தொல்லியல் துறையார் 2015-16-ல் அகழ்ந்த ஊர். உறைகிணறும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்ட இடம்.

கடுகளவு மணிக்கு ஊசியால் துளை போடுவார்கள் என்றுதானே நீங்களும் நினைத்திருப்பீர்கள்? நானும் அப்படித்தான்! அரிக்கமேட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். உலையில் உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயில் திரட்டி இழுத்தார்கள். நடுவில் துளையுடன் மெல்லிய குழல் நீண்டுகொண்டே வரும். நறுக்கிச் சாம்பலோடு சூடேற்றினால் கூர்முனை மழுங்கிவிடும். ரேணிகுண்டா அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் இதே முறைதான்!

வரப்போரம் நீலமாக ஏதோ மினுக்கியது. குனிந்து எடுத்தேன், மணியேதான்! ஆடு மேய்த்த பாட்டி கேட்டாள்: "இதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறே, கண்ணு?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் பெட்டியில் அது நூற்றோடு நூற்றொன்று. கிடந்த மண்ணில் கிடந்தாலல்லவா அதன் வயதை யாரேனும் சொல்ல முடியும்? மனமில்லாமல்தான் திரும்ப வைத்தேன். கிராம அதிகாரியிடம் இடத்தைச் சொல்லிவிட்டு, திருவள்ளூர் கடைத்தெருவில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.