தாய்ப்பலகையும் நானும்

கலைப்பீட மாணவர்க்கும் கருவிகளின் உள்ளமைப்புக்கும் தொடர்பில்லை என்பது எம்மிடையே நிலவும் எண்ணம். பயன்படுத்துவது எமது பங்கு. பழுதாயின் திருத்துவது பிறரது பங்கு. இப்பங்கீட்டினை ஐயுறாது ஏற்றிருந்தவர்களுள் நானும் ஒருத்தி. சென்ற ஆண்டு ஓரிரவில் எனது மடிக்கணினி அணைந்து மீண்டும் ஒளிராது போகவே, அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

அக்கணினி எளிதிற் கிடைத்த பொருளன்று. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை உயர்ந்தது. இறக்குமதிப் பொருள்கள் யாவும் விலையேறிய அந்நாள்களிலே, அக்கா தன் காப்புகளை அடகுவைத்து அதனை வாங்கித் தந்தாள். எனது இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரையின் மூன்று இயல்களும் அதனுள்ளேயே கிடந்தன. வேறிடத்திற் படியெடுத்து வைக்காதது எனது மடமை.

திருத்துநர் மின்னேற்றி, பற்றறி, நினைவகம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, தாய்ப்பலகையே பழுது என்றார். செயலியும் அதிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பலகை முழுவதையும் மாற்றல் வேண்டும். செலவு 65,000 ரூபா. பாவித்த பலகையொன்றை வாங்கி நானே மாற்றலாமா எனத் தயங்கியவாறு வினவினேன். சினப்பார் என எண்ணினேன். அவரோ பலகையின் இலக்கத்தைத் துண்டொன்றில் எழுதித் தந்து, "தங்கச்சி, முதல்ல பற்றறியைக் கழட்டுங்கோ. அதைக் கழட்டாமல் வேற ஒண்டையும் தொடாதேங்கோ" என்றார். சோதித்தமைக்கு 1,500 ரூபா மட்டுமே பெற்றுக்கொண்டார்.

அதே இலக்கமுடைய பலகை கொழும்பிலிருந்து 24,000 ரூபாவுக்குக் கிடைத்தது. தயாரிப்பாளர் வெளியிட்ட பராமரிப்புக் கைந்நூலைச் செய்யுளுக்கு உரை படிப்பதுபோல வரிவரியாகப் படித்தேன். விடுதி மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, கணினியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய திருகாணிகளை அவ்வவ்விடத்தில் வைத்தேன். அவற்றின் நீளங்கள் வேறுபடும். நீண்டதொன்றை இடம்மாறி முறுக்கினால் பலகை சிதையக்கூடும். செயலியின் மீதிருந்த உலர்ந்த வெப்பப்பசையைத் துடைத்துப் புதிதாக இட்டேன்.

நான்கு மணிநேரத்தின் பின் ஆளியை அழுத்தினேன். ஒளியில்லை. அக்காவின் முகமே கண்முன் வந்தது. மீண்டும் திறந்தபோது, ஆளியின் நாடா வடம் பாதியளவே செருகப்பட்டிருக்கக் கண்டேன். அதனைச் சரிசெய்ததும் திரை ஒளிர்ந்தது; ஆயின் 48 இலக்க மீட்பெண்ணைக் கேட்டு நின்றது. வட்டிலுள்ளவை மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. அதன் திறவுகோலைக் காத்துவந்த சில்லு பழைய பலகையோடு போய்விட்டது. நல்லகாலமாக, அவ்வெண் எனது இணையக் கணக்கிற் சேமிக்கப்பட்டிருந்தது. அறைத்தோழி தன் கைப்பேசியைப் பார்த்து ஆறாறு இலக்கமாக வாசிக்க, நான் தட்டினேன். மூன்று இயல்களும் மீண்டன.

கருவிச் செலவு போக, ஏறத்தாழ 37,000 ரூபா மீந்தது. அது காப்புகளை மீட்க உதவிற்று. "நானே திருத்தினேன்" என்று அக்காவிடம் பெருமிதத்தோடு கூறினேன். எண்ணிப் பார்க்குமிடத்து அக்கூற்று முழு உண்மையன்று. பழுது எங்குள்ளதெனக் கண்டவர் அவர். நானாயின் புதிய பற்றறியொன்றை வாங்கி ஏமாந்திருப்பேன். அவர் கேட்ட தொகை ஆணி கழற்றும் கூலி மட்டுமன்று. தவறு நேரின் இழப்பைத் தாமே ஏற்பதற்கான விலையும் அதில் அடங்கும். அவ்விழப்பை நான் என் தலைமேற் சுமந்துகொண்டேன். எனது பலகைக்கு உத்தரவாதம் எதுவுமில்லை.

எனினும் ஒன்று மாறியுள்ளது. முன்னர் அஞ்சி விலகிய பொருளை இப்போது படித்தறியக்கூடிய பொருளாகக் காண்கிறேன். ஆய்வுக்கட்டுரைக்கும் இப்போது மூன்று படிகள் உள்ளன.

நன்றி கூறுவதற்காகத் திருத்துநரிடம் சென்றேன். நான் வாய்திறக்குமுன்பே அவர் கேட்டார்: "பற்றறியைக் கழட்டினனீங்களோ?"