பஞ்சு படிந்த தலைகள்

மில் தொழிலாளிக்கு முடி வெட்டுகிறவர் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் தலையில் படிந்திருக்கும் பஞ்சைத் தட்டியாக வேண்டும். பஞ்சைப் பிரித்துச் சீவும் ப்ளோ ரூம், கார்டிங் ஆள் என்றால் புருவத்திலும் காது மடலுக்குப் பின்னாலும்கூட வெள்ளையாக ஒட்டியிருக்கும். கோவையில் சிங்காநல்லூரைத் தாண்டி, ஒண்டிப்புதூருக்குப் போகிற திருச்சி ரோட்டை ஒட்டியிருந்த எங்கள் சலூன்காரர் அதற்கென்றே தேய்ந்துபோன ஷேவிங் பிரஷ் ஒன்றை வைத்திருந்தார். தட்டிக்கொண்டே, "எந்த ஷிப்ட்டுங்?" என்பார். பேச்சு அங்கே கிளம்பி, பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் போய், டெல்லியை எட்ட அதிக நேரம் பிடிக்காது.

இத்தனைக்கும் கண்ணாடிக்கு மேலே 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்று எழுதி மாட்டியிருந்தது. அன்றைய தமிழ்நாட்டில் அந்தப் பலகை இல்லாத சலூன் அபூர்வம். திராவிட இயக்கம் வளர்ந்ததே சலூனிலும் டீக்கடையிலும் படிப்பகத்திலும்தான் என்பார்கள். அதில் மிகை கொஞ்சம்தான். டீக்கடைக் கதவில் 'போண்டா ரெடி' என்று எழுதிவைப்பது போலத்தான் அந்தப் பலகையும். உள்ளே என்ன கிடைக்கும் என்பதைச் சொன்னது.

கடைக்காரர் காசு கொடுத்து வாங்கியது தினத்தந்தி ஒன்றைத்தான். மற்றவை கட்சிக்காரர்கள் தாங்களே கொண்டுவந்து போட்டவை. சிறுவனான எனக்கு ஆட்களின் பெயரைவிட அவர்கள் போட்டுப்போகும் பத்திரிகைதான் அடையாளம். நூல் நூற்கும் ரிங் பிரேமில் சைடராக இருந்த ஒருவர் முரசொலிக்காரர், தி.மு.க. கார்டிங்கில் இருந்தவர் தீக்கதிர்க்காரர், மார்க்சிஸ்ட். அவரைவிட வயதில் மூத்த, மெலிந்த ஒருவர் ஜனசக்திக்காரர், இந்திய கம்யூனிஸ்ட். மேஸ்திரி, காமராஜ் பக்தர், தினமணியை மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பார், யாருக்கும் தரமாட்டார். 1964ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைவதற்கு முன் ஜனசக்தியும் தீக்கதிரும் ஒரே கொடியின் கீழ் நின்று சின்னியம்பாளையம் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தியவர்கள். உடைந்த பிறகு இருவரும் ஜனவரி 8ஆம் தேதி தனித்தனியாகப் போனார்கள். 1946ல் அதே நாளில் கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்ட ராமையன், ரங்கணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் மில் தொழிலாளிகள். அவர்கள் யாருடைய தியாகிகள் என்பதில் ஒரு வருசம் வந்த தகராறில் சலூன்காரர் சவரக் கத்தியை மூடி வைத்துவிட்டு, "முடிச்சுட்டுச் சொல்லுங், நான் அப்பறமாப் போடறேன்" என்று வெளியே போய் நின்றுகொண்டார்.

என் அப்பா மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். தலையில் பஞ்சு இருக்காது. அது சின்ன விஷயம் இல்லை. ஒருமுறை பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருக்க, சலூன்காரர் அப்பாவைப் பார்த்ததும், "வாங்சார், உக்காருங்" என்று நாற்காலியைத் துடைத்தார். தீக்கதிர்க்காரர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "மில்லுக்குள்ளதான் ஸ்டாஃபு வேற, தொழிலாளி வேற. இங்கயுமுங்களா?" என்றார். அப்பா பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அன்று முழுக்க முகம் இறுகியிருந்தது. ஆனால் அடுத்த முறையும் அதே கடைக்குத்தான் போனார், பெஞ்சில்தான் உட்கார்ந்தார், தீக்கதிர்க்காரரோடு வேறு ஏதோ விஷயத்தில் மல்லுக்கட்டவும் செய்தார். வர்க்கம் பற்றி நான் பின்னால் படித்த புத்தகங்கள் எதுவும் அந்தப் பெஞ்சு அளவுக்கு விளங்கவில்லை.

1888ல் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லோடு கோவையின் பஞ்சாலைக் கதை ஆரம்பிக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் பெருகின. இந்த மில்களை எழுப்பியவர்களில் பெரும்பாலோர் நாயுடுமாரும் கவுண்டர்மாரும். இதைச் சொல்லக் காரணம், எங்கள் சலூனில் அடிக்கடி வெடித்த வாதம் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்ளும். முரசொலிக்காரர், பார்ப்பன ஆதிக்கம் என்று தொடங்குவார். தீக்கதிர்க்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம மொதலாளி என்ன அய்யருங்களா?" என்பார். கடையே சிரிக்கும். முரசொலிக்காரர் சளைத்தவர் இல்லை. "உங்க ராமமூர்த்தி யாருங்? பார்வதி கிருஷ்ணன் யாரூட்டுப் பொண்ணுங்?" என்று திருப்புவார். பி. ராமமூர்த்தி பிராமணர். பார்வதி கிருஷ்ணன், சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்த குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயனின் மகள், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1957ல் கோவை மில் தொழிலாளிகள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1962ல் அவரைத் தோற்கடித்தவர் காங்கிரஸ் வேட்பாளரான தொழிலதிபர் பி.ஆர். ராமகிருஷ்ணன். ஜமீன் வீட்டுப் பெண்ணுக்கும் தொழிலதிபருக்கும் நடுவில் மாறி மாறி ஓட்டுப் போட்ட தொழிலாளிகள், அதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். மேஸ்திரியின் விளக்கம்தான் சுருக்கமானது: "மில்லு ஓடுனாத்தானுங் சங்கம். ஓட்டறவனுக்குப் போட்டம்."

யாரும் யாரையும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை. முரசொலிக்காரர் கம்யூனிஸ்ட் ஆகவில்லை, மேஸ்திரி தினமணியை விடவில்லை. ஆனால் எல்லோர் கையிலும் சம்பளச் சீட்டு இருந்தது. யார் எந்தத் தத்துவம் பேசினாலும் அந்தச் சீட்டில் உள்ள எண்ணோடு அதைப் பொருத்திக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எதிரில் இருப்பவர் விடமாட்டார், அவரிடமும் அதே சீட்டு இருக்கிறது. சண்டை முற்றினாலும் ராத்திரி ஷிப்ட்டில் அறுந்த நூலை ஒட்டப் பக்கத்து சைடர்தான் வர வேண்டும். இவர்களை ஒன்றாக உட்கார வைத்தது பெருந்தன்மை என்று நான் எண்ணவில்லை. அந்தச் சீட்டும் அந்த ஷிப்ட்டும்தான்.

இப்படி ஒன்றாக உட்கார்வதற்கு வந்த பெரிய சோதனை 1975 தீபாவளி. ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் கடைசியில் போனஸ் அவசரச் சட்டம் வந்தது. அதுவரை குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது வருசச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒன்று, ஒரு மாசச் சம்பளம். அது 4 சதவீதமாகக் குறைந்தது. அதுவும் லாபத்தில் பகிர மிச்சம் இருந்தால்தான். இந்திய கம்யூனிஸ்ட் கட்சி இந்திராவை ஆதரித்த காலம். மார்க்சிஸ்ட்டும் தி.மு.க.வும் எதிர்ப்பில். ஜனசக்திக்காரர் கடைக்கு வரவே கூசினார். வந்த அன்று தீக்கதிரும் முரசொலியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, "பிற்போக்கெ ஒடுக்கறீங்க செரி, எங்க போனஸு பிற்போக்குங்களா?" என்று பிடித்துக்கொண்டார்கள். அவர், "கச்சி வேறங், சங்கம் வேறங்" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. நடுவில் மேஸ்திரி, "விடுங்கப்பா, அந்த மனுசனுக்கும் நாலுதானெ கெடைச்சுது" என்றார். அக்டோபர் 2ஆம் தேதி காமராஜர் இறந்ததிலிருந்து அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. ஜனசக்திக்காரர் அன்று முடி வெட்டிக்கொள்ளாமல் எழுந்து போனார். 1976 ஜனவரி 31ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபோது முரசொலிக்காரரைக் கொஞ்ச காலம் காணோம். அவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தது ஜனசக்திக்காரர் என்று அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கடையில் அதை இருவருமே பேசியதில்லை. 1977ல் ஜனதா ஆட்சி பழைய 8.33ஐத் திருப்பிக் கொடுத்ததும் வாதம் மறுபடி பழைய சுருதிக்கு வந்தது.

எல்லாக் கட்சியும் வெளிப்படையாக ஒரே பக்கம் நின்றது ஒரு விஷயத்தில்தான். சவரத் தொழிலாளர் சங்கம் கூடிக் கட்டணத்தைக் கால் ரூபாய் ஏற்றியது. புது விலைப்பலகையைப் பார்த்ததும் தீக்கதிர், முரசொலி, தினமணி, ஜனசக்தி எல்லாம் கொதித்தன. அநியாயம் என்றார்கள். சலூன்காரர் யாரையும் எதிர்த்துப் பேசாத ஆள். அன்று கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே கேட்டார்: "வெல ஏறுனா உங்களுக்குப் பஞ்சப்படி ஏறுதுங். எனக்கு யாருங் குடுப்பா?" பதில் வரவில்லை. அவர் விடவில்லை. "ஒரு நாக்காலி வெச்சிருக்கறனே, நான் மொதலாளிங்களா தொழிலாளிங்களா? அதெயாச்சும் சொல்லுங்." தீக்கதிர்க்காரர் நீளமாக ஏதோ விளக்கினார், குட்டி முதலாளித்துவம் என்பது அதில் வந்தது. "குட்டியோ பெரிசோ, கால் ரூவா வெச்சுட்டுப் போங்" என்றார் சலூன்காரர்.

அவருடைய அப்பா கிராமத்தில் சவரக் கருவிப் பையான அடப்பத்தோடு வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவர். கூலி, அறுப்புக்கு அறுப்பு தானியமாக. நிலம் வைத்திருந்த பண்ணாடி வீட்டுப் பொடியன்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவான். மகன் மில் லைனுக்கு வந்து கடை போட்டதே அந்த 'டா'விலிருந்து தப்பிக்கத்தான். இங்கே எல்லோரும் அவரை 'ஏனுங்' என்றார்கள். அவருடைய நாற்காலிக்கு முன்னால் எல்லாச் சாதித் தலையும் குனிந்தது.

எல்லாச் சாதியும் என்று எழுதிவிட்டேன். அது பொய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. அருந்ததியர்கள். அவர்களில் ஒருவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வேப்ப மரத்தடியில், அவர்களிலேயே ஒருவர் வெட்டிவிடுவார். சலூன்காரருக்குப் பயம், மற்றவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று. மற்றவர்கள் என்றால் யார்? சுரண்டலையும் சமூக நீதியையும் காந்தியத்தையும் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியவர்கள்தான். அத்தனை வருச வாதத்தில் அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதிலும், பேசாமலே, எல்லோருக்கும் உடன்பாடு இருந்தது. 2007ல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி உருவாகி, சலூனையும் டீக்கடை டம்ளரையும் தீண்டாமை வடிவங்களின் பட்டியலில் எழுதியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வேப்ப மரம்தான். பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு காலத்தில் மில்களில் நிறைய இருந்தவர்கள். ராத்திரி ஷிப்ட்டுக்குச் சட்டம் அனுமதிக்காததைக் காரணம் காட்டிக் குறைக்கப்பட்டார்கள். சலூன் வாதம் அவர்களுக்குச் சோறு போடும்போதுதான் வந்து சேரும், அதுவும் ஆண்களின் வெற்றிக் கதையாக.

ஆகவே அந்த நாட்கள் பொற்காலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூசும். ஆனால் அது ஏன் போயிற்று என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களும் பொருந்தவில்லை. டி.வி. வந்தது, கைப்பேசி வந்தது, மதம் நுழைந்தது என்கிறார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புக்குப் பிறகு கோவையில் பேச்சின் தன்மையே மாறியது உண்மைதான். ஆனால் எங்கள் பெஞ்சு அதற்கு முன்பே காலியாகத் தொடங்கியிருந்தது. மில்கள் ஆள் குறைத்தன, சில மூடின, விருப்ப ஓய்வு என்று ஒரு தொகை கொடுத்து அனுப்பின. நூற்பு நகரத்தை விட்டுச் சிற்றூர்களுக்கு நகர்ந்தது. அங்கே வேலைக்கு வந்தவர்கள் மூன்று வருச ஒப்பந்தத்தில் விடுதியில் அடைக்கப்பட்ட இளம்பெண்கள். பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். விடுதிக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு கேட். வழியில் சலூன் இல்லை. கோவையின் தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் 2020 பொதுமுடக்கத்தில் நின்றன. சம்பளச் சீட்டு இல்லாத இடத்தில் பேசுவதற்குத் தலைவர்களின் முகம்தான் மிஞ்சுகிறது.

முரசொலிக்காரரையும் தீக்கதிர்க்காரரையும் 2019 கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் சேர்ந்து பார்த்தேன். அந்த வருசம் தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜன் கோவையில் ஜெயித்திருந்தார். முரசொலிக்காரருக்கு எண்பதை நெருங்கும் வயது. அரிவாள் சுத்தியலுக்கு ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நடந்ததைச் சொல்லிவிட்டு, "கூட்டணின்னு ஆனதுக்கப்பறம் இவங்கூடச் சண்டெ போடறதுக்கே ஒண்ணும் இல்லீங்" என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, தி.மு.க.வின் தேர்தல் செலவுக் கணக்கில் மார்க்சிஸ்ட்டுக்கு 10 கோடி என்று பேப்பரில் வந்ததே, அது வர்க்கப் போராட்டத்துக்கா என்று கேட்டார்.

"வாங்குனதக் கணக்குல காட்டுனமுங். உங்காளுக காட்டுவாங்களா?"

"காட்டுனதே எங்க கணக்குலதானுங்களே!"

பந்திக்குக் கூப்பிட வந்த பையன் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இலையைப் போட்டு வைப்பதாகச் சொல்லி உள்ளே போனான்.