சிங்கப்பூருக்குக் கப்பலேறிய மெக்சிகோக்காரர்

1928இல் 'அக்ராஸ் டு சிங்கப்பூர்' என்றொரு மௌனப்படம் வந்தது. எம்ஜிஎம் தயாரிப்பு. நம்ம ஊர் பேரு தலைப்பிலேயே இருக்கே என்றுதான் பார்க்க உட்கார்ந்தேன். ஹாலிவுட்காரர்கள் செட் போட்டு உருவாக்கிய சிங்கப்பூர் அது. சிங்கப்பூர்ப் பெண்ணாகச் சிறு வேடத்தில் வரும் அன்னா மே வோங், லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து வளர்ந்தவர். அமெரிக்க மாலுமிக் குடும்பத்தின் கடைக்குட்டியாக, ஜோன் க்ராஃபோர்டின் காதலனாக வரும் நாயகனோ மெக்சிகோக்காரர். பெயர் ரமோன் நவாரோ.

அதுவும் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. ஹோசே ரமோன் கில் சமனியேகோ என்ற பெயரில் 1899இல் டுராங்கோவில் பிறந்தவர். அப்பா பல் மருத்துவர். மெக்சிகோ புரட்சியின் கலவரத்தில் குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து சேர்ந்தது. உணவகத்தில் பரிமாறிக்கொண்டே பாடுவது, நடனம், படங்களில் கூட்டத்தில் ஒருவராக நிற்பது என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். இயக்குநர் ரெக்ஸ் இங்ராம்தான் 'த பிரிசனர் ஆஃப் செண்டா' (1922) படத்தில் நல்ல வேடம் கொடுத்தார், கூடவே புதுப் பெயரையும். அடுத்த வருடமே 'ஸ்காராமூஷ்' படத்தில் அவர் நாயகன்.

'பென்-ஹர்' (1925) அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. இத்தாலியில் படப்பிடிப்பு தொடங்கிய பிறகு, ஏற்கெனவே நடித்துக்கொண்டிருந்த நாயகனை மாற்றிவிட்டு இவரைப் போட்டார்கள். ஏறக்குறைய 40 லட்சம் டாலர் செலவு. மௌனப்படங்களிலேயே அதிகச் செலவில் எடுக்கப்பட்டது என்று இன்றும் சொல்கிறார்கள். அதில் அவர் யூத இளவரசன். பிறகு 'சன் ஆஃப் இந்தியா'வில் (1931) கரீம் என்கிற இந்தியன். 'த சன்-டாட்டர்' (1932) படத்தில் சீனன். 'த பார்பேரியன்' (1933) படத்தில் எகிப்தியன். 'லாஃபிங் பாய்' (1934) படத்தில் நவஹோ பழங்குடி இளைஞன்.

இந்தப் பட்டியலை ஒரு நடிகனின் திறமைக்குச் சாட்சியாகவும் படிக்கலாம். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. கொஞ்சம் மாநிறம், கறுத்த முடி, 'இங்கிருந்து இல்லை' என்று சொல்லும் ஒரு முகம். அது இருந்தால் போதும், எந்தத் தேசத்தையும் அதன்மேல் ஒட்டிவிடலாம் என்று ஸ்டுடியோ நினைத்தது.

என் நண்பன் ஒருவன் மேடையிலும் விளம்பரங்களிலும் நடிக்கிறான். ஆங்கிலத்தில் ஆடிஷன் கொடுத்து முடித்ததும் சில இடங்களில் ஒரு கேள்வி வருமாம்: கொஞ்சம் 'இண்டியன்' மாதிரி பேச முடியுமா? "நான் இண்டியன்தானடா, இப்ப பேசுனது வேற யாரு?" என்று என்னிடம்தான் கேட்பான். அங்கே கேட்கமாட்டான். வேலை வேணுமே.

மௌனப்படத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வசனம் அட்டையில் எழுத்தாக வரும். நவாரோவின் உதடு எந்த ஊர் உச்சரிப்பில் அசைந்தது என்று யாருக்கும் தெரியாது. குரல் வந்ததும் கதை மாறியது. நல்லவேளை, அவருக்குப் பாட வந்தது. 1930இல் தன் படமொன்றின் ஸ்பானிய வடிவத்தைத் தானே இயக்கி நடித்தார். 'மாதா ஹரி'யில் (1931) அவர் ரஷ்ய அதிகாரி. எதிரே, ஜாவாவின் பெயரைச் சொல்லி ஆடிய டச்சுக்காரியாக ஸ்வீடனின் கிரெட்டா கார்போ. இரண்டு வந்தேறிகளும் ஆங்கிலத்தில் காதலிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த அபத்தம் அது. 1935இல் எம்ஜிஎம் ஒப்பந்தம் முடிந்தது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் 1968 அக்டோபரில் தொடங்குகிறார்கள். பணத்தைத் தேடி வந்த இரண்டு சகோதரர்கள் 69 வயது நவாரோவை அவர் வீட்டிலேயே கொன்றார்கள். ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கையும் தன்பாலீர்ப்பும் உள்ள மனிதர். வாழ்நாள் முழுக்க அவர் மூடிவைத்ததை அந்த வழக்கு ஊர் முழுக்க விரித்துப் போட்டது. பிறர் வைத்த பெயரில், பிறர் எழுதிய தேசங்களில் வாழ்ந்தவருக்கு அந்தரங்கம் ஒன்றுதான் சொந்தமாக இருந்திருக்கும். கடைசியில் அதுவும் போயிற்று. அதனால்தான் நான் படங்களில் தொடங்கினேன்.

ஒரு படம் மிச்சமிருக்கிறது. 'த பிக் ஸ்டீல்' (1949). ஐம்பது வயதில் நவாரோ அதில் மெக்சிகோ போலீஸ் அதிகாரி. நாயகன் இல்லை, துணைப் பாத்திரம்தான். தன் ஊர்க்காரனாகவே வருகிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த அதிகாரி ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிறார். எதிர்ப்படும் அமெரிக்கர்களிடம் பேசிப் பேசிப் பழகுகிறார். இருபது வருடமாகத் திரையில் ஆங்கிலம் பேசிய மனிதர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வருகிறவராக நடிக்கிறார். அதையும் அலட்டாமல், கண்ணில் ஒரு குறும்போடு செய்கிறார்.

நண்பனுக்கு அந்தக் காட்சியை அனுப்பினேன். முதலில் சிரித்தான். கொஞ்சநேரம் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது: "நல்லா பண்றாருடா. இவரையும் ஆடிஷனுக்குக் கூப்பிட்டிருப்பாங்களா?"