வயிறு நிறைந்த போர்வை

நடுவில் இன்னும் ஒரு முறம் அளவுக்குச் சேலை தெரிகிறது. அரக்கு நிறச் சேலை. துவைத்துத் துவைத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் துண்டுத் துணிகள் நெருங்கி வந்துவிட்டன. கட்டம் போட்டது, பூப்போட்டது, கோடு போட்டது, சாயம் போய் என்ன நிறமென்றே சொல்ல முடியாதது. பொழுது சாய்வதற்குள் அந்த நடுவும் மூடிவிடும் போலிருக்கிறது.

திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து தைக்கிறார் பாட்டி. அஜ்ஜி என்கிறார்கள் இங்கே. போர்வை நழுவாமல் இருக்க இடது காலை அதன்மேல் போட்டிருக்கிறார். விரலுக்கு உறை கிடையாது. கண்ணாடியும் கிடையாது, நூல் கோக்கும்போது மட்டும் பேத்தியைக் கூப்பிடுகிறார். பத்து வயதிருக்கும் அவளுக்கு. நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கிக் கோத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் சாக்குப் பைக்குள் தலையை விட்டுக்கொள்கிறாள். வீட்டின் பழந்துணி எல்லாம் அந்தப் பைக்குள்தான். வாசற்படியில் மருமகள், முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். நிறைமாதம். முறத்தை மடியில் வைக்க முடியாமல் பக்கத்தில் வைத்துக் குனிந்து குனிந்து பொறுக்குகிறாள்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், யல்லாப்பூரிலிருந்து காட்டுப் பாதையில் உள்ளே வந்தால் இந்தக் குடியிருப்பு. மண் சுவர், மங்களூர் ஓடு, சாணம் மெழுகிய திண்ணை. சித்தி என்ற சமூகத்தாரின் ஊர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். போர்த்துக்கீசியர் காலத்துக் கதை அது. தப்பித்தவர்கள் மலையேறி இந்தக் காடுகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். யல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா என்று இன்று பரவி வாழ்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என மூன்று மதத்திலும் இருக்கிறார்கள். உத்தர கன்னடத்துச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2003-இல்தான். கப்பலில் வந்த முன்னோர் யார், எந்தக் கரையில் ஏற்றினார்கள் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இங்கே நினைவு பின்னோக்கிப் போனால் மூன்று தலைமுறை போகும். அந்த மூன்றும்தான் இப்போது திண்ணையில் விரிந்து கிடக்கின்றன.

இந்தப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். தைக்கும் முறை விசித்திரமானது. அடியில் ஒரு பழஞ்சேலை. அதன் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை உள்ளே மடித்து, மேலே துண்டுத் துணியை வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி அடுத்த சுற்று. ஒரு துண்டு முடியும் இடத்தில் அடுத்ததன் விளிம்பை மடித்து அதன்கீழ் செருக வேண்டும். சதுரம் சுற்றுக்குச் சுற்று சிறுத்துக்கொண்டே போய் நடுவில் முடியும். முன்கூட்டி வெட்டி வைப்பதில்லை, கோடு கிழிப்பதில்லை. பையிலிருந்து எது கைக்கு வருகிறதோ அதைப் போர்வையின்மேல் வைத்துப் பார்க்கிறார். பிடிக்கவில்லையென்றால் திரும்பப் பைக்கே போகிறது. எதைக் கொண்டு முடிவு செய்கிறார் என்று வெகுநேரம் கவனித்தேன். நிறம் பார்க்கிறார் என்று முதலில் தோன்றியது. பக்கத்தில் இருப்பது யாருடைய துணி என்பதையும் பார்க்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொள்வது கொங்கணி கலந்த அவர்களுடைய பேச்சு. அது எனக்கு எட்டாது. பேத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அடிக்கடி கன்னடத்துக்குத் தாவிவிடுகிறாள். அவள் கன்னடத்தில் கேட்டால் அஜ்ஜியும் கன்னடத்திலேயே பதில் சொல்கிறார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் கிடைக்கிறது.

பையைக் கிளறி அலுத்துப்போய், அவள் இப்போது போர்வையின் ஓரத்தில் மண்டியிட்டு விரலை ஓட்டுகிறாள்.

"இது யாருது?"

"உங்க பெரியத்தை கட்டின பாவாடை. உன் வயசுல கட்டினது."

"இது?"

"அப்பனோட லுங்கி."

"இந்தச் சிவப்பு?"

"அது நம்முது இல்ல. பக்கத்து வீட்டு அக்கா குடுத்தது. அவளுக்கு நான் நீலம் குடுத்தேன்."

ஆக, பக்கத்து வீட்டுக் கவந்தியில் இந்த வீட்டு நீலம் ஒன்று இருக்கிறது. பேத்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மூலையில் வந்து நிற்கிறது. அங்கே ஒரு சிறு துணியை மடித்து மடித்து முக்கோணமாக்கி, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் தைத்திருக்கிறார்கள். பூ என்கிறார்கள் அதை. நான்கு மூலைக்கும் நான்கு பூ. பூ வைக்காத கவந்தி அம்மணமாக இருப்பது மாதிரி என்பது இங்குள்ள பெண்களின் எண்ணம். போர்த்திக்கொண்டு தூங்க மூலையில் பூ தேவையில்லை. ஆனாலும் கந்தலை உருப்படியாக்கி வைக்கும்போது அலங்காரம் குறையக்கூடாது என்று நினைக்கிற அந்த மனசு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிறிஸ்தவ வீட்டுக் கவந்தியில் சிலுவை இருப்பதுண்டு, முஸ்லிம் வீட்டுக் கவந்தியில் பிறை இருப்பதுண்டு. தையல் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

காக்கித் துண்டு ஒன்று பையிலிருந்து வெளியே வருகிறது.

அஜ்ஜி ஊசியைச் சேலையில் குத்தி நிறுத்திவிட்டு, அதை வாங்கித் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் நீவுகிறார். சட்டையின் முன்பக்கம். வெயிலில் வெளுத்து, காக்கி என்று சொல்வதற்கே கொஞ்சம்தான் மிச்சம். ஆனால் அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் மட்டும் புதுத்துணி போல அடர்ந்த நிறத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி வரிசையாக ஊசித் துளைகள். சட்டைப்பையைப் பிரித்து எடுத்த இடம். இத்தனை வருஷ வெயிலும் மழையும் துவைகல்லும் அந்தப் பைக்குப் பின்னால் போகவே முடியவில்லை. கடையில் வாங்கிய அன்று அந்தச் சட்டை எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஒரு சதுரம்தான் சாட்சி. வலது பக்கக் கீழ் மூலையில் மட்டும் தேய்ந்து நைந்திருக்கிறது. தீப்பெட்டி உரசிய இடமாக இருக்கலாம், சாவியாகவும் இருக்கலாம்.

பேத்தி இந்த முறை 'யாருது' என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மருமகளும் முறத்திலிருந்து ஒரு கணம் தலை தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறாள்.

துண்டு நடுவில் மிச்சமிருக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எந்தப் பக்கம் வெட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அஜ்ஜி வெட்டவில்லை. நான்கு புறமும் அகலமாக உள்ளே மடிக்கிறார். மடிப்பின் தடிமனில் ஊசி ஏறச் சிரமப்படுகிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தள்ளுகிறார். அடர் நிறச் சதுரம் மேலே தெரிய, நடுவுக்குச் சற்றுத் தள்ளி உட்காருகிறது. மற்ற இடங்களில் தையல் வரிசைக்கு நடுவே ஒரு விரற்கடை இருக்கிறது. இங்கே அதில் பாதிதான். அழுகையில்லை, பெருமூச்சில்லை, வாய்திறந்து ஒரு சொல் இல்லை. தையல் மட்டும் நெருங்கியிருக்கிறது.

உலகத்தின் இன்னொரு கோடியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த கீஸ் பெண்ட் என்ற ஊரிலும் இதே வேலை நடந்திருக்கிறது. 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைக் கிழித்துப் போர்வை தைத்தார். மகள் ஆர்லோன்சியா கூட உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தார். கணவர் நினைவாக வைத்திருக்கவும், அன்புக்காக அதைப் போர்த்திக்கொள்ளவும் என்று அம்மா சொன்னதாக அந்த மகள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தப் போர்வை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் போர்வைகளிலும் பை பிரித்த இடம் அடர்த்தியாகத் தெரியும், முட்டி தேய்ந்த இடம் வெளுத்துத் தெரியும். அவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள்தான். பருத்திக் காட்டு அடிமைகளின் வம்சம். அங்கிருந்து இங்கே யாரும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. துணி வாங்கக் காசில்லாத வீட்டில், செத்தவர் சட்டையைத் தூக்கிப்போட மனசு வராத பெண் என்ன செய்வாளோ அதை இருவரும் செய்திருக்கிறார்கள்.

சித்திப் பெண்களின் கவந்திகளும் கடல் தாண்டியிருக்கின்றன. கலை வரலாற்று அறிஞர் ஹென்றி டிரூவல் இந்த ஊர்களுக்கு வந்து, இவற்றைப் பற்றி எழுதினார். 2011-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ஷோம்பர்க் மையத்தில் கண்காட்சி நடந்தது. விற்பதற்கென்றே தைக்கும் கூட்டுறவு முயற்சியும் தொடங்கியது. இந்தப் பெண்களின் கையில் நாலு காசு புழங்கியது நல்ல காரியம். அந்த வண்ணங்களை உலகம் பார்த்ததும் நல்ல காரியம். ஆனாலும் சுவரில் மாட்டியிருக்கும் கவந்தியில் வண்ணம் மட்டும்தான் தெரியும். விரல் வைத்து 'இது யாருது' என்று கேட்கப் பேத்தி இருக்கமாட்டாள். சொல்ல அஜ்ஜி இருக்கமாட்டார். தைத்தவர் வாய் திறந்து சொன்னால்தான் துணிக்குப் பேர் வருகிறது. அந்தப் பெயர்களைக் கேட்டுவிட்ட பிறகு, சுவரில் மாட்டியதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வர என்னால் முடியாது.

நம் வீடுகளிலும் பழஞ்சேலை உண்டு. பிறந்த குழந்தையைச் சுற்ற நைந்த வேட்டியைத் தேடுவோம். பாட்டியின் சேலை தூளியாகும். பிறகு அதுவே அடுப்படியில் பிடிதுணியாகி, கரித்துணியாகி, ஒருநாள் குப்பைக்குப் போகும். சேலையை இன்னொரு சேலையோடு சேர்த்து வைத்துத் தைத்து, குடும்பத்தையே ஒரு விரிப்பில் படுக்க வைக்கலாம் என்பது இந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளே விட்டத்துக்குக் கீழே குறுக்குக் கம்பில் பழைய கவந்தி ஒன்று தொங்குகிறது. கிழிந்த இடத்தில் ஒட்டு. ஒட்டு கிழிந்த இடத்தில் இன்னொரு ஒட்டு. ஒரு மூலையில் பூ போய்விட்டது. அதைத் தைத்தவர் அஜ்ஜியின் மாமியார். இன்னும் அதை விரித்துத்தான் படுக்கிறார்கள். ஆற்றில் துவைத்துத்தான் எடுக்கிறார்கள். பத்திரப்படுத்தி வைக்கவில்லையே என்று எனக்கு முதலில் பதைப்பாக இருந்தது. பெட்டிக்குள் வைத்திருந்தால் இந்த மலைச்சாரலின் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். அதைவிட, பெட்டிக்குள் இருப்பதை எந்தக் குழந்தையும் 'யாருது' என்று கேட்டிருக்காது. மேலே படுத்துப் புரண்டதால்தான் அதில் யார் யார் துணி இருக்கிறது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. தேய்வது தேயட்டும், தெரிந்தால் போதும் என்ற கணக்கு.

வெயில் திண்ணையை விட்டு இறங்கிவிட்டது. நடுவில் இப்போது உள்ளங்கையளவு சேலைதான் பாக்கி. அதற்கென்று பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு துண்டை அஜ்ஜி முன்பே எடுத்து இடுப்பில் செருகி வைத்திருக்கிறார். மூன்று பக்கம் தைத்தாகிவிட்டது. நான்காவது பக்கம் திறந்திருக்க, ஊசியை நிறுத்திவிட்டு மருமகள் பக்கம் கை நீட்டுகிறார். மருமகள் என்ன என்று கேட்கவில்லை. முறத்திலிருந்து ஒரு சிட்டிகை அரிசி எடுத்து மாமியார் கையில் வைக்கிறாள். கல் பொறுக்கிய பக்கத்து அரிசி. அஜ்ஜி அதைத் திறந்திருக்கும் வாய்க்குள் போட்டு, விரலால் உள்ளே தள்ளி விடுகிறார்.

"எதுக்கு அஜ்ஜி அரிசி?"

"வயிறு காலியா இருக்கக் கூடாது."

கவந்தியின் வயிற்றைச் சொல்கிறாரா, இதன்மேல் படுக்கப்போகும் பிள்ளையின் வயிற்றைச் சொல்கிறாரா என்று பேத்தி கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. நாலைந்து தையலில் வாய் மூடிக்கொள்கிறது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். எழுந்து இரண்டு கையாலும் தூக்கி உதறுகிறார். சாணத் தூசியும் நூல் துண்டுகளும் பறக்கின்றன. அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை; தூக்கும்போது அவர் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது.

பேத்தி போர்வையை ஒரு சுற்று சுற்றி வருகிறாள். ஓரம் ஓரமாகத் தேடுகிறாள். முகம் சுண்டிப் போகிறது.

"என்னுது எதுவுமே இல்ல."

"எது உன்னுது?"

உள்ளே ஓடிப்போய்ப் பள்ளிக்கூட நீலப் பாவாடையைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். மடிப்பு இன்னும் கலையாத பாவாடை. அஜ்ஜி அதை வாங்கி, இடுப்புப் பட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். தையலை இழுத்துப் பார்க்கிறார். விளிம்பில் நகத்தால் கீறிப் பார்க்கிறார். திருப்பிக் கையில் கொடுக்கிறார்.

"இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கும் இது. நல்லாப் போட்டுக் கிழி. கிழிச்சுக் கொண்டா, அடுத்ததுல மொதல் மூலையே உனக்குத்தான். இப்ப போ, மாடு வேலியைத் தாண்டுது பாரு, புடிச்சுக் கட்டு."